நடுப்படியில் பர்மாக்காரர்கள்

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். எங்கள் வீட்டு தசராக் கொலுவில் இத்தனை வருஷமாக நடுப்படியாக இருந்தது நீ வரைந்து கொடுத்த படம்தான்.

நீ மட்டும் மற்ற ஓவியர்களைப் போலத் துணியில் வரைந்திருந்தால் இந்த அவமானம் நம் இருவருக்குமே நேர்ந்திருக்காது. துணிமேல் யார் பொம்மை வைப்பார்கள்? நீயோ ஃபாக்டரிக்கு மெஷின் வந்திறங்கிய பெட்டியின் பிளைவுட்டை அறுத்து, அது வளையாமல் இருக்கப் பின்னால் ரீப்பர் கட்டைகளும் அடித்து, அதன்மேல் வரைந்தாய். அந்தக் கட்டைகள் எங்கள் டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். தச்சனை வைத்து அளவெடுத்துச் செய்திருந்தாலும் அப்படிப் பொருந்தியிருக்காது. பலகைமேல் வெள்ளை வேட்டி. வேட்டிமேல் செட்டியார் தம்பதி, அவர்களுடைய மளிகைக் கடை. எல்லோருக்கும் அடியில், ஊரை விட்டு நடந்து போய்க்கொண்டிருக்கும் உன் மனிதர்கள்.

இன்று காலை லாஃப்டில் ஏறி அதை இறக்கினேன். ஏறினேன் என்று எழுத நன்றாகத்தான் இருக்கிறது. ஏணியில் பாதிக்கு மேல் தொப்பை என்னை அனுமதிக்கவில்லை. ஜெயா கீழேயிருந்து ஒட்டடைக் கம்பால் நெம்பித் தள்ள, நான் பிடித்து இறக்கினேன். வேட்டியைப் பிரித்ததும் ஒரு வாசனை. நாஃப்தலீன் உருண்டை, பழைய கற்பூரம், அவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து, இன்னும் செத்துப்போகாமல், உன் எனாமல் பெயிண்ட். சாயங்காலம் ஃபாக்டரி பஸ்ஸில் நீ என் பக்கத்தில் வந்து உட்காரும்போது அடிக்குமே, அதே வாசனை. 'தள்ளி உக்காரு ஸ்வாமி, முழு சீட்டும் உனக்கேவா' என்று நீ சொல்லப்போகிறாய் என்று நினைத்து, தரையில் உட்கார்ந்திருந்தவன் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தேன். ஜெயா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

ஸ்வாமி என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த மூச்சில் நீ, வா, போ என்று பேசுகிற ஆள் மைசூரில் நீ ஒருவன்தான். ஹெப்பாள் ஃபாக்டரியில் எனக்கு டைம் ஆபீஸ் வேலை. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது. உனக்கு பெயிண்ட் ஷாப். பிறக்கிற மெஷினுக்கெல்லாம் சாம்பல் நிறம் அடிப்பது. ஊர்த் தமிழர்கள் கொண்டுவரும் ஆண்டுமலரில் நான் நகைச்சுவை எழுதுவேன். அதை முதலில் படிப்பவன் நீ. பஸ் மேடுபள்ளத்தில் குதிக்கக் குதிக்கக் கடைசி வரிவரை முகம் மாறாமல் படித்துவிட்டு, "சிரிக்கிற எடத்துல ஒரு புள்ளி வெச்சுடு ஸ்வாமி, தெரியவே மாட்டேங்குது" என்பாய். பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு போவாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

நான் வீடு கட்டினேன். கிருஹப்பிரவேசத்துக்கு எல்லோரும் சுவர்க் கடிகாரமும் பிளாஸ்கும் கொண்டுவந்தார்கள். நீ கதவு அளவுக்கு ஒரு பொருளைப் பெட்ஷீட்டில் சுற்றி ஃபாக்டரி பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாய். டிரைவர், "ஏனிது, பாகிலா?" என்று கேட்டதற்கு, "கதவேதான். ஐயங்கார் வீட்டைக் கட்டிட்டாரு, கதவுக்குக் காசு பத்தலை" என்று சொல்லி பஸ்ஸையே சிரிக்க வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஹாலில் சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்க, பெட்ஷீட்டை எடுத்தாய். சாய்ந்து சாய்ந்து நிற்கும் சாம்பல் நிற முக்கோணங்கள். அவற்றின் தலையில் மூட்டை மாதிரி வட்டங்கள். இரும்புக்கு முதல் பூச்சாக அடிக்கிற ரெட் ஆக்சைடில் ஒரு சாலை, படத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சரிந்துகொண்டு போனது. முகம் எங்கேயும் இல்லை. எல்லாம் முதுகு. முதுகுக்குக் கீழே, உடம்புக்குப் பொருந்தாத பெரிய பெரிய குதிகால்கள், வெடித்து, கறுத்து, பார்க்கிறவன் மூக்கில் இடிக்கிற மாதிரி. கூட்டத்தில் யாரோ, "மழைக்கு வெச்சிருக்கற குடையா எல்லாம்?" என்று கேட்டார்கள். நான்தான் முதலில் சிரித்தேன். அதை நீ கவனித்தாயா என்று இன்றுவரை தெரியாது.

நீ ஆணி அடித்தபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அம்மாவுக்கு அப்ப ஆறு வயசு. குண்டு விழுதுன்னு ரங்கூனை விட்டுக் கெளம்பிட்டாங்க. கப்பல்ல எடமில்லே. காட்டு வழியா நடை. 'முன்னால போறவங்க குதிகாலையே பாத்து நட பாப்பா, பக்கத்துல பாக்காதே'ன்னு அவங்கப்பா சொல்லிட்டாராம். பக்கத்துல விழுந்து கெடந்தவங்களைப் பாக்கக் கூடாதுன்னு. அதையே பாத்துக்கிட்டு நடந்தாங்க. பர்மாலேருந்து அவங்க கொண்டாந்தது அந்தக் குதிகாலு மட்டும்தான் ஸ்வாமி."

விசேஷ வீட்டில் இதெல்லாம் எதற்கு என்கிற மாதிரி ஒரு அமைதி. உனக்கும் அது புரிந்தது. குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கும்படி, "எங்க வீட்ல மாட்டினேன். அம்மா துண்டைப் போட்டு மூடிட்டாங்க. நான் எடுப்பேன், அவங்க மூடுவாங்க. அவங்களைச் சொல்லி என்ன? உங்க ஹாலு பெரிசு. நாலு பேர் வந்து போற வீடு. இவங்க ரொம்ப நடந்துட்டாங்க, இங்க இருக்கட்டுமே" என்றாய்.

எனக்கு மேடை கிடைத்தால் போதுமே. எல்லோருக்கும் கேட்கும்படி, "இருக்கட்டுமேவாவது! இனிமே இவா எல்லாரும் நம்மாத்து மனுஷா!" என்று கையை விரித்துச் சொன்னேன். கைதட்டல்கூட வந்தது. நீ கைதட்டவில்லை, சிரிக்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாய்.

அந்தக் கும்பிடுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

நான் கொடுத்த வாக்குக்கு ஆயுள் ஒரு வாரம். ஜெயாவின் அண்ணா ரங்குவை உனக்குத் தெரியும். பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்றதும் வாஸ்துவில் சேர்ந்துகொண்டவர். வீடு பார்க்க வந்தவர் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளே, என்னது இது? வாசலுக்கு நேர, அத்தனை பேரும் மூட்டையைத் தூக்கிண்டு முதுகைக் காட்டிண்டு கெளம்பறா?"

"அவா வெளில போகலை, உள்ளதானே போறா?" என்றேன்.

"உள்ளன்னா? சுவத்துக்குள்ளயா? சுவத்துக்கு அந்தண்டை என்ன இருக்கு?"

"பக்கத்தாத்து காம்பவுண்டு."

"அவ்வளவுதான். உங்காத்து லக்ஷ்மி பக்கத்தாத்துக்கு மூட்டை கட்டிண்டு போறா."

பக்கத்து வீட்டில் அந்த வாரம்தான் புதுக் கார் வந்திருந்தது. ஜெயாவின் முகம் போன போக்கை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஆனால் பழியை ரங்குமேலும் ஜெயாமேலும் போட்டுவிட்டுத் தப்பிக்கிற ஆளாக நீ என்னை நினைக்கக் கூடாது. கழற்றியவன் நான். கழற்றியபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. காலையில் காபியோடு ஹாலுக்கு வந்தால் அந்தக் குதிகால்களைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. வெடிப்பு விழுந்த குதிகாலைப் பார்த்துக்கொண்டு எவனால் நகைச்சுவை எழுத முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய எழுத்து!

அந்த ஆணியில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டியை மாட்டினோம். ஆணியை நீ அநியாயத்துக்குத் தாழ்வாக அடித்திருந்தாய். கேட்டதற்கு, "அது அந்த உசரத்துலதான் இருக்கணும்" என்றாயே தவிரக் காரணம் சொல்லவில்லை. நீ குள்ளம் என்பதால் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அதனால் எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்க்கிற எவரும் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

பிறகு ஆரம்பித்தது எங்கள் டிரில். உன் ஸ்கூட்டரின் சைலன்சர் ஓட்டை எங்களுக்குப் பெரிய உபகாரம். நீ தெருமுனை திரும்பும்போதே ஜெயா, "வந்துட்டார்னா!" என்று கத்துவாள். நான் கட்டிலுக்கடியிலிருந்து படத்தை இழுப்பேன், அவள் காலண்டரைக் கழற்றுவாள், நான் மாட்டுவேன். நீ ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைக் கோதிக்கொண்டு உள்ளே வரும்போது நாங்கள் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்போம். "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்பாய். ஒருநாள் அவசரத்தில் காலண்டரைக் கழற்ற மறந்து, அதன்மேலேயே படத்தின் கயிற்றை மாட்டிவிட்டேன். காலண்டரின் தலை படத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நீ குனிந்து அதைப் பிடித்துப் பார்த்தாய்.

"என்ன ஸ்வாமி, இவங்களுக்கு ராகுகாலம் பாக்கறியா?" என்றாய். "பாவம், கெளம்பறப்ப அவங்களுக்கு அதுக்கு நேரமில்லை."

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நான் உன்னைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

படத்தை மறைத்தது பாதிதான். மீதியைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்த்தபடி, அக்கறையே இல்லாதவன் போலக் கேட்பாய், "வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா? பாத்தாங்களா?" உன் படங்களில் உன் வீட்டைவிட்டு வெளியே வந்தது அது ஒன்றுதான். கண்காட்சி வைக்க உனக்கு ஆளும் தெரியாது, ஆங்கிலமும் போதாது. ஊரில் உன் காட்சிக்கூடம் என் ஹால். "பாத்தாங்களே" என்றேன் முதல் வாரம். "என்ன சொன்னாங்க?" என்றாய். பொய்க்கு ஆள் வேண்டும், இல்லையா? எனக்கா ஆள் பிறப்பிக்கத் தெரியாது! பெங்களூரிலிருந்து ஒரு அம்மாளை வரவழைத்தேன். ஓய்வுபெற்ற பேராசிரியை. வெள்ளை முடி, கைத்தறிப் புடவை. ஜெயாவுக்குத் தூரத்து உறவு. காபி ஆறிப்போகும்வரை படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார், போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றேன்.

ஹெப்பாள் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். இறங்கும்போது மட்டும், "எந்தப் பக்கமா நின்னாங்க? லெஃப்ட்லயா, ரைட்லயா?" என்று கேட்டாய்.

"நடுவிலே" என்றேன்.

அதற்கப்புறம் அந்த அம்மாளை என்னால் அடக்க முடியவில்லை. நான் எழுதிய பாத்திரங்களில் அவள் ஒருத்திதான் உயிரோடு எழுந்து நடமாடினாள். அவளுக்கு மூட்டுவலி வந்தது. நீ விசாரித்தாய். அவள் பையனுக்குக் கல்யாணம் ஆயிற்று. நீ சந்தோஷப்பட்டாய். 'ஒரு தடவை பாக்கணும் ஸ்வாமி, எப்ப வர்றாங்கன்னு சொல்லு' என்று நீ நச்சரிக்க ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் அவளை அமெரிக்காவுக்கு, பையனோடு இருக்க அனுப்பிவைத்தேன். கொன்றுவிடலாம் என்றுகூட ஒருநாள் யோசித்தேன். உன்னிடம் அந்தச் செய்தியை எந்த முகத்தோடு சொல்வது என்று விட்டுவிட்டேன்.

ஃபாக்டரியில் நாம் இருவரும் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு உன் ஸ்கூட்டர் வருவது குறைந்தது. உனக்கு மூச்சிரைப்பு. அடுத்து வந்த தசராவுக்குச் சற்று முன்னால் எங்கள் கொலுவின் நடுப்பலகையைக் கரையான் அரித்துவிட்டிருந்தது. பொம்மைகளெல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்தாயிற்று, பட்டத்து ராஜா ராணிப் பொம்மைகளில் ராணிக்கு ஜெயா புடவைகூடக் கட்டியாயிற்று. படி இல்லை. ஜெயா என்னைப் பார்த்தாள். நான் கட்டிலைப் பார்த்தேன். யார் முதலில் பார்த்தது என்று எங்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. அந்த வருஷம் மட்டும் என்றுதான் பேச்சு. ஒருமுறை படியாகிவிட்ட பலகை மறு வருஷமும் படிதான்.

அந்த முதல் வருஷமே நீ வந்துவிட்டாய். ஸ்கூட்டரில் இல்லை, ஆட்டோவில், சத்தமில்லாமல். கூட உன் மகள் ஷீலா. கையில், வருஷா வருஷம் எங்கள் கொலுவுக்கு என்று நீ வாங்கி வருகிற சென்னபட்டண மரப்பொம்மை ஜோடி. ஆணியில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

"படம் எங்க ஸ்வாமி?"

"உள் ரூம்ல. கொலு பாக்க வர கூட்டத்துல யாராவது இடிச்சுடுவான்னு பத்திரமா..." என்று நான் இழுக்க, "அதுவும் சரிதான்" என்றாய். பிறகு பொம்மைகளைப் பையிலிருந்து எடுத்தாய். "நானே வைக்கறேனே. எங்க எடம் இருக்கு?" ஜெயா மேல்படியைக் காட்டினாள். உனக்குக் கை எட்டவில்லை. "இங்கயே இருக்கட்டும்" என்று நடுப்படியில், செட்டியாரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, ஜோடியை நிறுத்தினாய். ஒன்று லேசாக ஆடியது. அதைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்து, வேட்டியின் மேலாகவே பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாய். ஒரு தட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு. வாழ்நாளெல்லாம் பெயிண்ட் அடித்த கை.

"நல்ல பலகை" என்றாய். "எங்க புடிச்சே?"

"தச்சன் குடுத்தான்."

"பாரம் தாங்குது" என்றாய். உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டாய். மிளகாய் போதவில்லை என்று ஜெயாவைக் கேலி செய்தாய். ஷீலாவை ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, அவள் "அப்பா, ப்ளீஸ்!" என்று முறைக்க, நீயே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற பாட்டு ஒன்றைக் கொலுவுக்கு முன்னால் கரகரவென்று பாடினாய். ஜெயா உனக்கும் ஒரு தேங்காய் கொடுத்து அனுப்பினாள்.

உனக்குத் தெரிந்துவிட்டதா? அந்த இரண்டு தட்டை நான் எத்தனையோ முறை காதுக்குள் தட்டிப் பார்த்துவிட்டேன். ஒருநாள் தெரியும் என்று கேட்கிறது, ஒருநாள் தெரியாது என்று கேட்கிறது. தெரிந்தும் அந்தச் சுண்டலைச் சாப்பிட்டாய் என்றால், அதை நினைக்கவே எனக்குத் தெம்பில்லை. தெரியாமல் உன் கையாலேயே உன் ஜனங்கள் தலைமேல் பொம்மை நிறுத்தினாய் என்றால், அதைவிடவும் தெம்பில்லை.

அன்று கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளைவுட் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தாய். அதே சாம்பல், அதே சிவப்புச் சாலை. ஒரே ஒரு பெண். ஆனால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ வரைந்ததில் நான் பார்த்த ஒரே முகம். "அமெரிக்காவுக்கு அனுப்பிடு. அந்தம்மாவுக்கு. முதுகைப் பாத்தே அழுதவங்களுக்கு ஒரு முகமாச்சும் காட்டணும் இல்லையா?" என்றாய்.

நான் வாங்கிக்கொண்டேன். என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? வாங்கிக்கொண்டேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் உன்னைப் பார்க்க வந்தபோது மூக்கில் குழாய். பேசக் கூடாது என்றிருந்தார்கள், நீயும் பேசாமல் இருக்கிறவன் இல்லை. என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கேட்டாய்.

"அந்தம்மாவுக்குப் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துடுத்து."

"என்ன சொன்னாங்க?"

அவ்வளவு வருஷமாக அந்த அம்மாளுக்கு வசனம் எழுதியவன் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் சொல்லலையா?" என்றாய். நான் தலையாட்டினேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்துட்டுப் பேசாம இருந்திருக்காங்க. அதான் ஸ்வாமி. அதான் வேணும்."

நான் உன்னிடம் பேசிய கடைசிப் பொய் ஒரு தலையாட்டல். நான் எழுதியதிலேயே சிறந்த வசனமும் அதுதான் போலிருக்கிறது.

நேற்று ஷீலா போன் செய்தாள். இப்போது அவளும் ஹெப்பாளுக்குத்தான் வேலைக்குப் போகிறாள், கம்ப்யூட்டர் கம்பெனிக்கு, ஏசி பஸ்ஸில். "அங்கிள், நாளைக்கு சாயங்காலம் வரட்டுமா? அப்பாவோட பெயின்டிங்கைப் பாக்கணும். ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன். அப்புறம், அமெரிக்காவுல இருக்காங்களே அந்த ஆன்ட்டி, அவங்க நம்பர் இருக்கா? அப்பா போனது அவங்களுக்கு இத்தனை வருஷமாத் தெரியாதுல்ல? சொல்லணும் அங்கிள். அப்பா எப்பவும் அவங்களைப் பத்தியே பேசிட்டிருந்தாங்க." நான், "தேடிப் பாக்கறேம்மா" என்றேன். போனை வைத்த பிறகும், இல்லாத நம்பரைத் தேடுகிறவன் போல மேஜை டிராயரை ஒருமுறை திறந்து பார்த்தேன். பழக்கம்.

ஆகவேதான் இன்று காலை லாஃப்ட், ஏணி, ஒட்டடைக் கம்பு எல்லாம்.

ஈரத் துணியால் துடைத்தேன். தூசி போயிற்று. வட்டங்கள் போகவில்லை. செட்டியார் தம்பதியின் அடிப்பாகம் வருஷக் கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து, எனாமல்மேல் வட்டம் வட்டமாகப் பதிந்திருக்கிறது. ஒரு வட்டம் முன்வரிசையில் போகிற ஒருத்தரின் குதிகால்மேல், விலங்கு மாட்டினாற்போல. ஷீலா கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை எழுவதற்குள் பதில் வந்துவிட்டது: மாடர்ன் ஆர்ட்டில் வட்டம் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்பா எவ்வளவு அர்த்தத்தோடு போட்டிருக்கிறார் பார் என்று சொல்லிவிட்டால் போயிற்று. இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்.

படத்தை மாட்டிவிட்டு, ஏணியில் ஏறி இறங்கிய களைப்பில் அதன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது நீ ஏன் ஆணியை அவ்வளவு தாழ்வாக அடித்தாய் என்று. நின்று பார்க்கிறவனுக்கு அது ஏதோ ஒரு கூட்டம், எங்கேயோ போகிறது. உட்கார்ந்து, ஆறு வயசுப் பிள்ளையின் கண் உயரத்துக்கு வந்தால், குதிகால்கள் நேராக முகத்துக்கு முன்னால் வந்துவிடுகின்றன. முன்னால் போகிறவர்கள் அவ்வளவு பேர். கடைசியில் வருவது பார்க்கிற ஆள்தான். பக்கத்தில் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்துவிட்டு நான் உன் படத்தைப் பார்த்தது இன்றைக்குத்தான். ஜெயா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவர் அம்மா செருப்புக்கூடப் போட்டுண்டிருக்க மாட்டாளோன்னா?" என்றாள். அவள் கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று. நான் கற்பனையில் வரவழைத்த அம்மாள் செய்ததை, என் சமையலறையிலேயே இருந்தவள் செய்துவிட்டாள். கேட்டிருந்தால் அன்றைக்கே செய்திருப்பாளோ என்னவோ. நான் கேட்டதே இல்லை.

திரும்பிப் பார்க்கிற உன் பெண் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறாள். அனுப்ப முகவரி இல்லாததால் எங்கே போனாலும் என்னோடு வந்துகொண்டிருக்கிறாள். பால் வாங்கப் போனாலும், தாடி மழிக்கப் போனாலும். குனிந்தால் விலாவில் குத்துகிறாள். நாலு மணிக்கு ஷீலா வந்ததும் அவளை எடுத்துக் கையில் கொடுத்து, 'அப்படி ஒரு ஆன்ட்டியே கிடையாதும்மா, இது உனக்கு' என்று சொல்லிவிடப் போகிறேன். வட்டங்கள் என்ன என்பதையும் சொல்லிவிடுவேன். அவள் என்னைத் திட்டட்டும். காறித் துப்பினாலும் சரி. படம் இனிமேல் அந்த ஆணியைவிட்டு இறங்காது. கொலுவுக்கு வேறு பலகை வாங்கிக்கொள்ளலாம். நம்மாத்து மனுஷா என்று நான்தானே சொன்னேன்.

காலண்டர் எங்கே என்று நீ கேட்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு? கழற்றியாகிவிட்டது. கிழித்துப் போடவில்லை. மடிப்பு விழாமல் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கைக்கு எட்டுகிற மாதிரி பீரோமேல் வைத்திருக்கிறேன்.